உள்ளெடுப்புப் பல்கிளைக்குழாய்ப் பொருத்தம்

உள்ளெடுப்புப் பல்கிளைக்குழாய் என்பது உள் எரி பொறியொன்றில் காற்றை அல்லது காற்று-எரிபொருள் கலவையை ஒவ்வோர் உருளைக்கும் பகிர்ந்து கொண்டுசெல்லும் கிளைவிட்ட குழாய்த் தொகுதி ஆகும். மோட்டார்ப் பட்டறைகளில் இது இன்டேக் மேனிஃபோல்டு என்ற பெயரிலேயே அறியப்படுகிறது. கார்புரேட்டர் பூட்டிய பொறிகளில் இது கார்புரேட்டருக்கும் உருளைத் தலைக்கும் இடையே அமைகிறது. இக்குழாயை அப்பொறியின் கார்புரேட்டர், நெம்புருள் தண்டு, உருளைத் தலை, வெளியேற்றுக் குழாய், பல்லிணை விகிதம் ஆகியவற்றுக்கு ஏற்பத் தெரிவு செய்வதே பல்கிளைக்குழாய்ப் பொருத்தம் எனப்படுகிறது.

இப்பொருத்தத்தின் அடிப்படைக் கருத்து எளிமையானது. பொறியின் எல்லா உறுப்புகளும் ஒரே சுழற்சி வேக எல்லைக்குள் சிறப்பாக இயங்குவனவாக இருத்தல் வேண்டும். ஓர் உறுப்பு மட்டும் மிகப் பெரியதாகவோ மிகச் சிறியதாகவோ இருப்பின் மற்றவற்றின் பயன் குறைந்துவிடும். பந்தயத்துக்கு உகந்த விலையுயர்ந்த பல்கிளைக்குழாய் ஒன்று சாலையில் ஓடும் வண்டியை முன்பிருந்ததைவிட மந்தமானதாகவும் கூடுதல் எரிபொருள் குடிப்பதாகவும் ஆக்கிவிடக் கூடும்.

இக்கட்டுரை அமெரிக்க வி-8 பொறிகளை, குறிப்பாக 1955 ஆம் ஆண்டில் அறிமுகமான செவர்லே சுமால் பிளாக் பொறியை, முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. இப்பொறியில் பல்கிளைக்குழாயைப் பூட்டும் மறையாணிகளின் அமைவு பல பத்தாண்டுகள் பெரிதும் மாறாதிருந்தது. இதனால் பல நிறுவனங்கள் இதற்கெனப் பலவகைப் பல்கிளைக்குழாய்களை உருவாக்கின.

பின்னணி

ஃபோர்டு நிறுவனம் 1932 ஆம் ஆண்டில் 221 கன அங்குலக் கொள்ளளவுள்ள வி-8 பொறியைக் குறைந்த விலை மகிழுந்துகளில் அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் இது ஒற்றைத் துளைக் கார்புரேட்டரைக் கொண்டிருந்தது. 1934 ஆம் ஆண்டு மாதிரியில் இரட்டைத் துளைக் கார்புரேட்டரும் அதற்கேற்ற இருதளப் பல்கிளைக்குழாயும் ஒருங்கே புகுத்தப்பட்டன. கார்புரேட்டரைப் பெரிதாக்கும்போது அதன் கீழுள்ள குழாயையும் மாற்ற வேண்டும் என்பது அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது.

விக் எடல்பிராக் என்பவர் 1938 ஆம் ஆண்டில் தமது 1932 ஃபோர்டு வண்டிக்காக இரு கார்புரேட்டர்களை ஏற்கும் பல்கிளைக்குழாய் ஒன்றை உருவாக்கினார். சிலிங்சாட் என்று பெயர்பெற்ற அதுவே அவர் பெயரில் வளர்ந்த நிறுவனத்தின் முதற் பொருள் ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், தொழிற்சாலைப் பொறிகளில் பூட்டத்தக்க மாற்றுப் பல்கிளைக்குழாய்களின் சந்தை அமெரிக்காவில் வேகமாக வளர்ந்தது. தெரிவுகள் பெருகவே, எது எதனுடன் பொருந்தும் என்ற கேள்வியும் முதன்மை பெற்றது.

அமைப்பும் இயங்கும் முறையும்

கார்புரேட்டர் பொறியின் பல்கிளைக்குழாய் இரு பகுதிகளைக் கொண்டது. கார்புரேட்டருக்கு நேர் கீழே உள்ள வெற்றிடம் பொது அறை எனப்படும். அங்கிருந்து ஒவ்வோர் உருளைக்கும் செல்லும் குழாய் கிளைக்குழல் எனப்படும்.

இன்றைய எரிபொருள் உட்செலுத்துப் பொறிகள் பெரும்பாலானவற்றில் இக்குழாய் வழியே காற்று மட்டுமே செல்கிறது. எரிபொருள் வால்வின் அருகிலோ உருளைக்கு உள்ளேயோ தெளிக்கப்படுகிறது. கார்புரேட்டர் பொறிகளிலோ காற்றும் பெட்ரோல் துளிகளும் சேர்ந்தே முழுத் தொலைவையும் கடக்க வேண்டும். பெட்ரோல் துளி காற்றைவிடப் பன்மடங்கு கனமானது. ஆகவே கூர்மையான வளைவுகளில் காற்று திரும்பும்போது துளிகள் திரும்பாமல் சுவரில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. காற்றின் வேகம் குறைந்தாலும் துளிகள் கீழே படிந்து சிறு குட்டையாகத் தேங்குகின்றன. இதனால் சில உருளைகள் எரிபொருள் குறைந்த கலவையையும் சில மிகுந்த கலவையையும் பெறுகின்றன.

ஆகவே கார்புரேட்டர் பொறியில் பல்கிளைக்குழாய் ஒன்றுக்கொன்று முரணான இரு பணிகளைச் செய்ய வேண்டியுள்ளது. உயர் சுழற்சியில் மிகுந்த காற்றைத் தடையின்றி விடுவதற்குக் குழாய் அகலமாக இருக்க வேண்டும். தாழ் சுழற்சியில் துளிகள் படியாதவாறு வேகத்தைக் காப்பதற்குக் குழாய் குறுகியிருக்க வேண்டும். எல்லாப் பல்கிளைக்குழாய்களும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோவொரு சமரசமே ஆகும்.

கிளைக்குழலின் நீளமும் முதன்மையானது. உள்ளெடுப்பு வால்வு திறந்து மூடும்போது குழாயினுள் அழுத்த அலைகள் தோன்றி ஒலியின் வேகத்தில் முன்னும் பின்னும் செல்கின்றன. திரும்பி வரும் உயர் அழுத்த அலை வால்வு திறந்திருக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தால் உருளைக்குள் கூடுதல் கலவை புகும். நீண்ட குழலில் அலை திரும்பிவரக் கூடுதல் நேரம் ஆவதால் இவ்வுதவி தாழ் சுழற்சியில் கிடைக்கிறது. குட்டைக் குழலில் உயர் சுழற்சியில் கிடைக்கிறது.

வகைகள்

* இருதளப் பல்கிளைக்குழாய்: பொது அறை இரண்டாகப் பிரிக்கப்பட்டு, கார்புரேட்டரின் ஒரு பாதி நான்கு உருளைகளுக்கும் மறு பாதி மற்ற நான்குக்கும் கலவை தருகிறது. செவர்லே பொறியின் எரியூட்டு வரிசை 1-8-4-3-6-5-7-2 ஆகும். இதில் ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 4, 6, 7 ஒரு தளத்திலும் 8, 3, 5, 2 மறு தளத்திலும் அமைகின்றன. எனவே ஒவ்வொரு தளத்திலும் வணரித்தண்டு 180 பாகை திரும்பும்போது ஒருமுறை சீராக உறிஞ்சல் நிகழ்கிறது. இதனால் 180 பாகைப் பல்கிளைக்குழாய் என்ற பெயரும் இதற்கு உண்டு. பொதுவாக வெற்றோட்டம் முதல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5500 சுற்றுகள் வரை சிறப்பாக இயங்கும்.
* உயர் இருதளப் பல்கிளைக்குழாய்: மேற்கூறியதன் உயரமான வடிவம். கிளைக்குழல்கள் பெரியவை, வளைவுகள் மென்மையானவை. ஏறத்தாழ 1500 முதல் 6500 சுற்றுகள் வரை பயன்படும்.
* ஒருதளப் பல்கிளைக்குழாய்: எட்டு உருளைகளும் ஒரே பொது அறையிலிருந்து கலவையைப் பெறுகின்றன. கிளைக்குழல்கள் குட்டையாகவும் நேராகவும் உள்ளன. சாலைக்கான சிறு வடிவங்கள் 2500 சுற்றுகளுக்கு மேலும் பந்தய வடிவங்கள் 3500 முதல் 8000 சுற்றுகள் வரையும் பயன்படுகின்றன.
* பல கார்புரேட்டர்ப் பல்கிளைக்குழாய்கள்: இரண்டு நான்கு-துளைக் கார்புரேட்டர்களையோ மூன்று இரு-துளைக் கார்புரேட்டர்களையோ ஏற்பவை. இவற்றில் எல்லாக் கார்புரேட்டர்களையும் ஒத்திசைப்பது கூடுதல் பணியாகும்.

செவர்லே பொறியில் 5 ஆம், 7 ஆம் உருளைகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதோடு அடுத்தடுத்தே எரியூட்டவும் படுகின்றன. ஒருதள அமைப்பில் ஒன்றின் கலவையை மற்றொன்று ஈர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இருதள அமைப்பில் இவை வெவ்வேறு தளங்களில் இருப்பதால் இச்சிக்கல் குறைவு.

கார்புரேட்டருடன் பொருத்தம்

கார்புரேட்டரின் அளவு ஒரு நிமிடத்தில் அது விடக்கூடிய காற்றின் கன அடியால் குறிக்கப்படுகிறது. ஒரு பொறிக்குத் தேவைப்படும் காற்றின் அளவைப் பின்வரும் வாய்பாட்டால் மதிப்பிடலாம்.

தேவைப்படும் காற்று = (கொள்ளளவு கன அங்குலத்தில் × நிமிடச் சுற்றுகள் ÷ 3456) × கொள்ளளவுத் திறன்

ஒரு கன அடியில் 1728 கன அங்குலங்கள் உள்ளன. நான்கு வீச்சுப் பொறியில் ஒவ்வோர் உருளையும் இரு சுற்றுக்கு ஒருமுறையே காற்றை உறிஞ்சுகிறது. ஆகவே 1728ஐ 2ஆல் பெருக்க 3456 கிடைக்கிறது. கொள்ளளவுத் திறன் என்பது உருளை உண்மையில் எவ்வளவு நிரம்புகிறது என்பதைக் குறிக்கும் விகிதம் ஆகும்.

350 கன அங்குலப் பொறி, அதாவது ஏறத்தாழ 5.7 லிட்டர்ப் பொறி, 5500 சுற்றுகளில் 85 விழுக்காடு நிரம்பினால் அதற்கு ஏறத்தாழ 473 கன அடி காற்றுத் தேவை. இதற்கு 600 கன அடிக் கார்புரேட்டர் தாராளமாகப் போதும். அதே பொறி பந்தயத்தில் 7000 சுற்றுகளில் 95 விழுக்காடு நிரம்பினால் தேவை ஏறத்தாழ 673 கன அடியாக உயர்கிறது. அங்கு 750 கன அடிக் கார்புரேட்டர் பொருந்தும்.

அளவுகளை ஒப்பிடும்போது ஒரு செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். நான்கு-துளைக் கார்புரேட்டர்கள் 1.5 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டிலும் இரு-துளைக் கார்புரேட்டர்கள் 3 அங்குல வேறுபாட்டிலும் அளக்கப்படுகின்றன. எனவே 500 கன அடி எனக் குறித்த இரு-துளைக் கார்புரேட்டர் நான்கு-துளை அளவுமுறையில் ஏறத்தாழ 354 கன அடி மட்டுமே.

கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சுவது அதன் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது ஏற்படும் அழுத்தக் குறைவினால் ஆகும். கார்புரேட்டர் மிகப் பெரியதானால் தாழ் சுழற்சியில் இந்த அழுத்தக் குறைவு மெலிந்து பெட்ரோல் ஒழுங்காக வராது. இருதள அமைப்பில் ஒவ்வோர் உருளையும் கார்புரேட்டரின் பாதியை மட்டுமே ஈர்ப்பதால் ஈர்ப்பு வலிமையாக உள்ளது. இதனால் அது சற்றுப் பெரிய கார்புரேட்டரையும் தாங்கும். ஒருதள அமைப்பில் ஈர்ப்பு எல்லாத் துளைகளுக்கும் பகிரப்படுவதால் அளவைத் தெரிவு செய்வதில் கூடுதல் கவனம் தேவை.

துளைகளின் அமைவும் பொருந்த வேண்டும். ஹாலி நிறுவனத்தின் பல கார்புரேட்டர்களில் நான்கு துளைகளும் ஏறத்தாழ ஒரே அளவிலானவை. ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் முன்னிரு துளைகள் சிறியவை, பின்னிரு துளைகள் மிகப் பெரியவை. ஒன்றுக்கான பல்கிளைக்குழாயில் மற்றொன்றைப் பூட்ட இடைத்தகடு தேவைப்படும். இடைத்தகட்டில் ஏற்படும் படிகள் பாய்வைக் குலைப்பதால், தொடக்கத்திலேயே பொருந்தும் குழாயைத் தெரிவு செய்வது நல்லது.

நெம்புருள் தண்டுடன் பொருத்தம்

நெம்புருள் தண்டு, அதாவது கேம் சாஃப்ட், வால்வுகள் எப்போது திறந்து எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீண்ட நேரம் திறந்து வைக்கும் தண்டுகளில் உள்ளெடுப்பு வால்வும் வெளியேற்று வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலமும் பொதுவாக நீள்கிறது. உயர் சுழற்சியில் இது உருளையை நன்கு நிரப்ப உதவும். தாழ் சுழற்சியிலோ எரிந்த புகை பல்கிளைக்குழாய்க்குள் பின்னோக்கி வந்து புதிய கலவையைக் கெடுக்கும். வெற்றோட்டத்தில் குழாயினுள் உள்ள வெற்றிட அளவும் வீழ்ச்சியடையும். பிரிக்கப்பட்ட தளங்களைக் கொண்ட இருதள அமைப்பு இத்தொல்லையை ஓரளவு தணிக்கிறது.

நல்ல நிலையிலுள்ள வழக்கமான பொறியின் வெற்றோட்ட வெற்றிடம் ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலப் பாதரசம் ஆகும். நீண்ட திறப்பு நேரத் தண்டு பூட்டிய பொறியில் இது 10 அங்குலம் வரையிலும் குறையலாம். இது கார்புரேட்டரையும் பாதிக்கிறது. ஹாலி கார்புரேட்டர்களில் உள்ள பவர் வால்வு, வெற்றிடம் ஒரு குறித்த அளவுக்குக் கீழே போகும்போது திறந்து கூடுதல் பெட்ரோலை விடுகிறது. 6.5 என்று குறித்த வால்வு 6.5 அங்குலத்தில் திறக்கும். வெற்றோட்ட வெற்றிடம் குறைவாக உள்ள பொறியில் இவ்வால்வு வேண்டாத நேரத்தில் திறந்துகொள்ளும். எனவே வெற்றோட்ட வெற்றிடத்தின் பாதியளவில் திறக்கும் வால்வைத் தெரிவு செய்வது வழக்கம். வெற்றிடத்தால் உதவி பெறும் பிரேக்குகளும் இதனால் வலுவிழக்கக் கூடும் என்பதால் இது பாதுகாப்புத் தொடர்பான செய்தியும் ஆகும்.

உருளைத் தலையுடன் பொருத்தம்

கிளைக்குழலின் வாயும் உருளைத் தலையின் நுழைவாயும் வடிவிலும் இடத்திலும் ஒன்றுபட வேண்டும். கிளைக்குழலின் வாய் நுழைவாயைவிடச் சற்றுச் சிறியதாக இருப்பதால் பெரிய தீங்கில்லை. மாறாகப் பெரியதாக இருந்தால் பாய்வு நேராகச் சுவரில் மோதும். இடையில் வைக்கும் கேஸ்கெட்டை அளவுகோலாகக் கொண்டு இரு பக்கங்களையும் குறியிட்டு அராவிச் சரிசெய்வது வழக்கம். நுழைவாய் சிறியதாக இருக்கும் உருளைத் தலையில் பெரிய பந்தயப் பல்கிளைக்குழாயைப் பூட்டுவதால் பயனில்லை. முழுப் பாதையின் மிகக் குறுகிய இடமே பாய்வை வரையறுக்கிறது.

மறையாணி அமைவும் பார்க்கப்பட வேண்டும். செவர்லேயின் பழைய உருளைத் தலைகள் 12 மறையாணிகளை ஏற்பவை. 1996 ஆம் ஆண்டில் வந்த வார்ட்டெக் தலைகள் 8 மறையாணிகளை மட்டுமே கொண்டவை. ஆகவே பழைய பல்கிளைக்குழாய் அவற்றில் நேரடியாகப் பொருந்தாது.

வி வடிவப் பொறியில் உருளைத் தலையின் அடிப்பரப்பைச் சீவினால் இரு தலைகளும் கீழிறங்கி ஒன்றையொன்று நெருங்குகின்றன. அப்போது பல்கிளைக்குழாய் உயரத்தில் நின்றுவிடுவதால் துளைகள் நேர்ப்படா. குழாயின் பரப்பையும் உரிய விகிதத்தில் சீவ வேண்டும். இவ்வாறு செய்யாமல் மறையாணிகளை இறுக்கினால் கேஸ்கெட்டின் அடிப்பகுதி சரியாக அடைபடாமல் பொறியினுள்ளிருந்து எண்ணெய் ஆவி உறிஞ்சப்படும். செவர்லே பல்கிளைக்குழாயில் குளிர்விக்கும் நீரும் ஓடுவதால், அந்நீர் எண்ணெயுடன் கலந்து தாங்கிகளைப் பழுதாக்கும் வாய்ப்பும் உள்ளது.

பல்லிணை விகிதமும் வண்டியின் எடையும்

பல்கிளைக்குழாய் எந்தச் சுழற்சி எல்லையில் சிறப்பாக இயங்குகிறதோ அந்த எல்லையில் பொறியை வைத்திருப்பது பல்லிணைகளின் பணி. 3500 சுற்றுகளுக்கு மேல் விழித்துக்கொள்ளும் பொறியை, நெடுஞ்சாலையில் 2200 சுற்றுகளில் ஓடும் கனமான வண்டியில் வைத்தால் அதன் ஆற்றல் பயன்படாமலேயே போகும். தானியங்கிப் பல்லிணைப் பெட்டி உள்ள வண்டியில் முறுக்கு மாற்றி எந்தச் சுழற்சியில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதும் கணக்கிற் கொள்ளப்படும். எடை மிகுந்த வண்டிகளுக்கும் சுமை இழுக்கும் வண்டிகளுக்கும் இருதள அமைப்பே பெரும்பாலும் ஏற்றது.

வெப்பம்

பல பல்கிளைக்குழாய்களில் பொது அறையின் அடியில் எரிந்த புகை செல்லும் குறுக்குவழி ஒன்று அமைக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றுப்புற வெப்பத்தை ஈர்ப்பதால் குளிர்காலத்தில் கார்புரேட்டரில் பனி உறைவதுண்டு. குறுக்குவழியின் வெப்பம் இதைத் தடுப்பதோடு துளிகள் ஆவியாகவும் துணைபுரிகிறது. எனினும் சூடேறிய கலவையின் அடர்த்தி குறைவு என்பதால் உச்சத் திறன் குறையும். ஆகவே பந்தயப் பல்கிளைக்குழாய்களில் இவ்வழி இருப்பதில்லை. குளிர்ப் பகுதியில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அத்தகைய குழாய் உகந்ததன்று.

எடுத்துக்காட்டுகள்

கிரைஸ்லர் 300எஃப் (1960): இதன் 413 கன அங்குலப் பொறியில் இரு கார்புரேட்டர்கள் பொறியின் இரு புறங்களிலும் அமைந்து, ஒவ்வொன்றும் எதிர்ப்பக்க உருளைகளுக்குக் குறுக்காகக் கலவையை அனுப்பின. கிளைக்குழல்களின் நீளம் 30 அங்குலம். இப்பொறி 375 குதிரைத் திறனையும், 2800 சுற்றுகளிலேயே 495 அடி-பவுண்டு முறுக்கு விசையையும் தந்தது. நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும்போது பயன்படும் சுழற்சி இதுவே ஆகும். இதே ஆண்டில் மிகச் சில வண்டிகளுக்கு 400 குதிரைத் திறன் வடிவமும் அளிக்கப்பட்டது. அதன் பல்கிளைக்குழாய் வெளித்தோற்றத்தில் அதே நீளமாகவே இருந்தது. ஆனால் உள்சுவர்களின் ஒரு பகுதி நீக்கப்பட்டதால் அலைகளைப் பொறுத்தவரை நீளம் 15 அங்குலமாகக் குறைந்தது. உச்சத் திறன் கூடியது, தாழ் சுழற்சி முறுக்கு விசை குறைந்தது. நீளத்தின் விளைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தொழிற்சாலை எடுத்துக்காட்டுகள் அரிது.

செவர்லே கமாரோ இசட்/28 (1967): டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்குமாறு 302 கன அங்குலப் பொறி உருவாக்கப்பட்டது. உயரமான அலுமினிய இருதளப் பல்கிளைக்குழாய், 780 கன அடி ஹாலி கார்புரேட்டர், நீண்ட திறப்பு நேர நெம்புருள் தண்டு ஆகியன இதில் இடம்பெற்றன. மேற்கண்ட வாய்பாட்டின்படி 7000 சுற்றுகளில் முழுமையாக நிரம்பினாலும் இப்பொறிக்கு ஏறத்தாழ 612 கன அடியே தேவை. பெரிய கார்புரேட்டர் தொல்லை தராததற்கு ஒரு காரணம், அதன் பின்னிரு துளைகள் காற்றின் தேவைக்கேற்ப வெற்றிடத்தால் மெல்லத் திறந்தமையே. இவ்வண்டிக்கு நான்கு வேகக் கைப் பல்லிணைப் பெட்டி கட்டாயமாக்கப்பட்டிருந்தது. பின் அச்சின் விகிதம் 3.73 ஆகும். தாழ் சுழற்சியில் மெலிந்த பொறியை உயர் சுழற்சியிலேயே வைத்திருக்குமாறு முழு வண்டியும் அமைக்கப்பட்டது.

பொருந்தாமையின் அறிகுறிகள்

* முடுக்கியைத் திடீரென மிதிக்கும்போது பொறி தயங்குதல்: கார்புரேட்டர் அல்லது பொது அறை மிகப் பெரியது.
* உயர் சுழற்சியில் திறன் திடீரெனத் தேய்தல்: கார்புரேட்டர் அல்லது கிளைக்குழல் மிகச் சிறியது.
* தீப்பொறிச் செருகிகளின் நிறம் உருளைக்கு உருளை மாறுபடுதல்: கலவைப் பகிர்வு சீராக இல்லை. எரிபொருள் குறைந்த உருளையின் பிஸ்டன் அதிக வெப்பத்தால் சேதமடையக் கூடும்.
* வெற்றோட்டம் நிலைகொள்ளாமை: நெம்புருள் தண்டு பொருந்தவில்லை, அல்லது கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு உள்ளது.

இவ்வறிகுறிகள் எரியூட்டு நேரப் பிழையாலும் தோன்றலாம். ஆதலால் முதலில் அதனைச் சரிபார்த்த பின்னரே உறுப்புகளை மாற்றுவது முறையாகும்.

தெரிவு செய்யும் ஒழுங்கு

முதலில் வண்டியின் எடை, பயன்பாடு, பல்லிணை விகிதம் ஆகியவற்றிலிருந்து பொறி பெரும்பாலும் எந்தச் சுழற்சியில் ஓடும் என்பது கணிக்கப்படும். அதற்கேற்ப அமுக்க விகிதமும் உருளைத் தலையும் நெம்புருள் தண்டும் முடிவு செய்யப்படும். பல்கிளைக்குழாய் அவற்றின் சுழற்சி எல்லையை ஒட்டித் தெரிவு செய்யப்படும். கார்புரேட்டரின் அளவு இறுதியில் கணக்கிடப்படும். வண்டியின் முன்மூடி மூடுவதற்குப் போதிய உயரம் உள்ளதா என்பதும் வாங்குவதற்கு முன் அளக்கப்பட வேண்டும். இரு தெரிவுகளுக்கிடையே ஐயம் எழும்போது சாலை வண்டிக்குச் சிறியதைத் தெரிவு செய்வதே பொதுவான பரிந்துரை ஆகும். உச்சத் திறன் எட்டப்படும் நேரம் மிகக் குறைவு. தாழ், நடுச் சுழற்சிகளின் முறுக்கு விசையோ ஒவ்வொரு முறை வண்டி நகரும்போதும் பயன்படுகிறது.

இன்றைய நிலை

அமெரிக்காவில் புதிய மகிழுந்துகளில் கார்புரேட்டரின் பயன்பாடு 1990களின் முற்பகுதியில் முடிவுக்கு வந்தது. நாஸ்கார் பந்தயத்தின் முதன்மைத் தொடர் 2012 ஆம் ஆண்டில் எரிபொருள் உட்செலுத்தலுக்கு மாறியது. பழைய வண்டிகளைப் பேணுவோரிடையேயும் பல பந்தயப் பிரிவுகளிலும் கார்புரேட்டர்ப் பொறிகள் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளன. கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே பூட்டத்தக்க மின்னணு உட்செலுத்திகளும் கிடைக்கின்றன. இவற்றிலும் பெட்ரோல் பல்கிளைக்குழாயின் முழு நீளத்தையும் காற்றுடன் கடக்க வேண்டியிருப்பதால் மேற்கண்ட விதிகள் பெரும்பாலும் இவற்றுக்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* கார்புரேட்டர்
* நெம்புருள் தண்டு
* நான்கு வீச்சுப் பொறி
* எரிபொருள் உட்செலுத்தல்